பிளஸ் ஒன் பாடத்தை இனி யார் நடத்துவார்கள்?

கேள்வி: கரூர் அப்பா, 9 ஆகஸ்ட் 2025

நேற்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டார்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இந்த வருஷத்திலிருந்தே கிடையாது. என் மகள் இப்போது பிளஸ் ஒன், பயோ மேத்ஸ். செய்தி வந்ததும் வீட்டில் கொண்டாட்டம்தான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை வதைத்தது போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

9 ஆகஸ்ட் 2025, இரவு

அந்தக் காலத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது சார்.

நான் அரசுப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியர். டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி வேலை கிடைப்பதற்கு முன்னால் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே பிளஸ் ஒன் புத்தகங்களைக் கொடுப்பார்கள். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெட்டியில் வைத்துவிடச் சொல்வார்கள். ஜூன் முடிவதற்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் முடியும்போது பிளஸ் டூ போர்ஷன் முடிந்திருக்கும். அடுத்த வருஷம் முழுக்க டெஸ்ட்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றால் மட்டும் அந்தப் பெட்டிகள் திறக்கும். பதினொன்றாம் வகுப்பு நோட்டுக்கு? பழைய மாணவர்களின் நோட்டுகளை அலுவலகத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். பெயர் எழுதிய அட்டையை மட்டும் மாற்றுவார்கள்.

பொதுத்தேர்வு வந்தது இதை நிறுத்துவதற்காக. 2017 மே மாதம் அறிவித்தபோது அரசு சொன்ன காரணமே அதுதான்: தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பை நடத்தாமல் தாண்டுகின்றன, அதனால் பிள்ளைகள் நுழைவுத் தேர்விலும் பொறியியல் முதலாண்டிலும் தடுமாறுகிறார்கள் என்று. 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது.

தேர்வை எடுத்ததில் எனக்குத் துக்கமில்லை. அது எந்த நோய்க்கு மருந்தாக வந்ததோ அந்த நோய் போய்விட்டதா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட் 2025

"பெற்றோர் எப்படி ஒப்புக்கொண்டார்கள், கேஸ் போட்டிருக்க வேண்டாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எதற்குக் கேஸ்? பெற்றோர் அதற்குத்தானே பணம் கட்டினார்கள்.

கணக்கு இப்படி. 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்குக் கட் ஆஃப். கிராமத்துப் பிள்ளைக்குப் பயிற்சி வகுப்பு எட்டாது என்பதால் 2006இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். எடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் டாக்டர் ஆவதா, கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்வதா என்பதையெல்லாம் ஒரே ஒரு மார்ச் மாதம் முடிவு செய்தது. மருத்துவத்தில் கட் ஆஃப் கால் மதிப்பெண் குறைந்தால் கல்லூரி மாறும். இன்னும் கால் குறைந்தால் இடமே போகும். அப்படியிருக்க, எதற்கும் கணக்கில் வராத பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு வருஷத்தைச் செலவிட எந்த அப்பா சம்மதிப்பார்? ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் படித்தவனும் ஒரு வருஷம் படித்தவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். நாமக்கல், ராசிபுரம், ஈரோடு விடுதிகள் விற்றது அந்தக் கூடுதல் வருஷத்தைத்தான்.

பிராய்லர் பள்ளி என்று ஊரே கேலி பேசும். முட்டைக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கேலி பேசியவர்களே ஏப்ரலில் அட்மிஷன் வரிசையில் நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்னிடம் வந்து, "சார், இவன் பிளஸ் ஒன் பாடத்தில் நேரத்தை வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் கல்லூரியில் நடத்தும் பாடமும் வேதியியல்தான்.

12 ஆகஸ்ட் 2025

பொதுத்தேர்வு வந்த பிறகாவது எல்லாம் சரியானதா என்று கேட்கிறவர்களுக்கு.

ஒரு வருஷம் சரியானது. மெய்யாகவே. பிளஸ் டூ மொத்தத்தை 1200லிருந்து 600 ஆக்கி, பிளஸ் ஒன்னுக்கு ஒரு 600 கொடுத்து, இரண்டையும் சேர்த்துச் சான்றிதழ் என்றார்கள். முதல் வருஷத் தேர்வில் வினாக்கள் கடினம். மனப்பாடம் செய்தவர்கள் திணறினார்கள். இயற்பியல் தாளைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தவர்களில் விடுதிப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. நான் அன்றைக்கு அறைக் கண்காணிப்பாளர். அடுத்த ஜூனில் புதிய பாடப்புத்தகமும் வந்தது. எங்கள் ஊரில் ஒரு தனியார் பள்ளி முதல் தடவையாகப் பதினொன்றாம் வகுப்புக்கென்றே தனியாக வேதியியல் ஆசிரியர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது.

அப்புறம் 2018 செப்டம்பரில், உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும், பிளஸ் ஒன் மதிப்பெண்ணைச் சேர்க்க மாட்டோம் என்று அரசே சொல்லிவிட்டது. அன்றைக்கே அந்தத் தேர்வு செத்துப்போனது. இந்த ஆகஸ்டில் நடந்தது அடக்கம்.

இடைப்பட்ட வருஷங்களில் பள்ளிகள் செய்தது என்ன தெரியுமா? தேர்வு உண்டு, பாஸ் ஆனால் போதும். டிசம்பர் வரை பன்னிரண்டாம் வகுப்பு, ஜனவரி, பிப்ரவரியில் பதினொன்றுக்கு புக் பேக் வினாக்களும் ஒன் வேர்டும். மொத்தத் தேர்ச்சி கடைசி நான்கு வருஷமாக 90க்கும் 92க்கும் நடுவில்தான். அந்தச் சதவீதத்தை வைத்துப் பாடம் நடந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

12 ஆகஸ்ட் 2025, இரவு

இல்லை, தேர்வு நேரம் ஆரம்பத்திலிருந்தே 3 மணிதான் என்று இங்கே ஒருவர் எழுதியது சரியில்லை. 2017இல் மதிப்பெண்ணைக் குறைத்தபோது நேரத்தையும் 3 மணியிலிருந்து 2½ மணி ஆக்கினார்கள். பிள்ளைகள் எழுதி முடிக்க முடியவில்லை என்று வந்த புகாரால் பிறகு மறுபடி 3 மணி.

16 ஆகஸ்ட் 2025

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் நான் ஏதோ பொதுத்தேர்வுக்குக் கொடி பிடிப்பது போலத் தெரிகிறது. அதனால் மறுபக்கம்.

கடைசியாக நடந்த 2025 தேர்வை எட்டு லட்சம் பேர் எழுதினார்கள். 92 சதவீதம் தேர்ச்சி என்று செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது. மீதி 8 சதவீதம் என்றால் அறுபதாயிரம் பிள்ளைகளுக்கு மேல். விதிப்படி அவர்கள் நேராகப் பிளஸ் டூவில் உட்காரலாம், விட்ட பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதலாம். ஒவ்வொரு மே மாதமும் இதை ரிசல்ட் அன்றைக்கு வாசலில் நின்று கத்திச் சொல்வோம். ஜூனில் பார்த்தால் பின்பெஞ்சு காலியாக இருக்கும். வீட்டுக்குப் போனால் பையன் விசைத்தறியில் இருப்பான், இல்லாவிட்டால் திருப்பூர் போயிருப்பான். விதி அவனுக்குத் தெரியும். "பெயில் ஆனவன்" என்று ஒரு தடவை ஊரில் பேர் விழுந்தால் அப்புறம் யூனிபார்ம் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சம்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். மாப்பிள்ளை பார்க்கக் காத்திருக்கும் வீட்டுக்கு ஒரு பெயில் போதும்.

எங்கள் பள்ளியில் அப்படிப் போனவர்களில் பாதிக்கு மேல் வணிகவியல், தொழிற்பிரிவுப் பிள்ளைகள். நீட்டும் கிடையாது, ஜே.இ.இ.யும் கிடையாது அவர்களுக்கு. நாமக்கல்காரர்கள் பாடத்தைத் தாண்டினார்கள் என்பதற்காக வொக்கேஷனல் படிக்கும் பையனுக்கு ஏன் ஒரு பொதுத்தேர்வு? இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் ரத்து என்றதும் எனக்கும் முதலில் மனசு லேசானது.

17 ஆகஸ்ட் 2025

ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. மதிப்பெண் எப்படிப் போட்டார்கள்? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் 30. யாருக்கும் வேண்டாத பிளஸ் ஒன் மதிப்பெண் அந்த ஒரு வருஷம் உயிர்பெற்று எழுந்து உட்கார்ந்தது. "இதுதான் கணக்கில் வராதே" என்று விட்டேத்தியாக எழுதிய பிள்ளைகள் என்னைத் திட்டினார்கள். நானா கொரோனாவைக் கொண்டுவந்தேன்?

24 ஆகஸ்ட் 2025

ஆசிரியர்களுக்குத்தான் லாபம், பேப்பர் திருத்தும் வேலை மிச்சம் என்று ஒரு அன்பர். ஆமாம், லாபம்தான். ஏப்ரல் வெயிலில் முகாமில் உட்கார்ந்து, ஃபேன் இல்லாத வகுப்பறையில், ஒரு பிள்ளை ஆறு பக்கம் எழுதிய "எனக்குப் பாஸ் போடுங்கள் ஐயா" கடிதத்தைப் படிக்கும் பாக்கியம் பாதியாகக் குறைந்துவிட்டது. பிளஸ் டூ பேப்பரில் இன்னும் வரும், கவலை இல்லை.

6 செப்டம்பர் 2025

கரூர் சார் மறுபடி எழுதியிருக்கிறார். மகள் பள்ளியில் இந்த வாரம் இயற்பியலில் நிலைமின்னியல் ஆரம்பித்துவிட்டார்களாம். அது பன்னிரண்டாம் வகுப்பு முதல் அலகு. கேட்டதற்கு, "பப்ளிக் இல்லையே சார், இப்பவே ஆரம்பித்தால் அடுத்த வருஷம் ரிலாக்ஸாக இருக்கலாம்" என்று பதில்.

கொள்கை வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சார், ஒன்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியில் எல்லா செக்‌ஷனிலும் இப்படியா, இல்லை உங்கள் மகள் செக்‌ஷனில் மட்டுமா?

7 செப்டம்பர் 2025

நினைத்தேன். "ஏ" செக்‌ஷன் நீட் பேட்ச். தனிக் கட்டணம். அங்கே பதினொன்றாம் வகுப்புப் பாடம் வரிக்கு வரி நடக்கிறது. "பி", "சி" செக்‌ஷன்களில்தான் தாண்டல்.

இங்கே நிறைய பேர் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: "2017இல் நீட் வந்த பிறகு பிளஸ் ஒன்னைத் தவிர்க்கவே முடியாது, பாடத்திட்டத்தில் இரண்டு வருஷமும் இருக்கிறதே, அதனால் பொதுத்தேர்வு தேவையில்லை." கொள்கையை ஆதரிக்கும் படித்த நண்பர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பாதி உண்மை. பிளஸ் டூ எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எட்டு லட்சம். தமிழ்நாட்டில் நீட் எழுதுகிறவர்கள், போன வருஷம் எழுதி மறுபடி எழுதுகிறவர்களையும் சேர்த்து, ஒன்றரை லட்சத்தை ஒட்டி. ஜே.இ.இ. அதைவிடக் குறைவு. மற்ற அறிவியல் பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன் பாடம் எங்கே கேட்கப்படுகிறது? எங்கேயும் இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்.

முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் எல்லோருக்கும் பெட்டி பூட்டியிருந்தது. இப்போது ஒரே கட்டடத்தில் பணம் கட்டிய செக்‌ஷனுக்குப் பதினொன்றாம் வகுப்பு உண்டு, கட்டாத செக்‌ஷனுக்கு இல்லை. அரசு இலவசமாக அச்சடித்துக் கொடுத்த அதே புத்தகம்தான். நான் பயப்படுவது இதற்குத்தான். பொதுத்தேர்வு இருந்த வரை பேருக்காவது பி செக்‌ஷனிலும் அந்தப் புத்தகம் திறந்தது.

8 செப்டம்பர் 2025

"நீட்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரி" என்று எழுதுகிறவர்களோடு இந்த இழையில் சண்டைக்கு வரவில்லை. நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022இல் மறுபடி நிறைவேற்றினார்கள், கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று இந்த ஏப்ரலில் முதல்வரே அவையில் சொன்னார். எடுக்க வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் எடுத்த மறுநாள் ஏ செக்‌ஷனிலும் பதினொன்றாம் வகுப்பு நின்றுபோகும். 2007இல் நுழைவுத் தேர்வு போனபோது நடந்தது அதுதான்.

21 செப்டம்பர் 2025

காலாண்டுத் தேர்வு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக. பள்ளி அளவிலான தேர்வு என்றதும் எல்லோரும் மன அழுத்தம் குறைந்தது என்றுதான் பேசுகிறோம். எனக்கு நேற்றுதான் இன்னொன்று உறைத்தது.

பொதுத்தேர்வுக்கு முன்னால் பிளஸ் ஒன்னில் பிள்ளையை நிறுத்திவைக்கும் அதிகாரம் பள்ளியிடம் இருந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் வைக்க வேண்டுமே. மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் அப்பாவை மே மாதம் கூப்பிட்டு, "இங்கே பிளஸ் டூ போனால் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டுமானால் பாஸ் என்று போட்டுத் தருகிறோம்" என்பார்கள். அந்த டி.சி.களோடு ஜூனில் எங்கள் தலைமையாசிரியர் அறை முன்னால் நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளை நாங்கள் சேர்ப்போம். மறு வருஷம் "அரசுப் பள்ளித் தேர்ச்சி குறைவு" என்று எங்களுக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும்.

பொதுத்தேர்வு வந்ததும் தேர்ச்சியை முடிவு செய்தது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பெயிலானாலும் மேலே போகலாம் என்ற விதி வேறு. டி.சி. கொடுத்து அனுப்புவது நிற்கவில்லை, ஆனால் பள்ளிக்குச் சாக்கு குறைந்தது. இனி அந்தச் சாக்கு பள்ளியின் கைக்கே திரும்பி வருகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளின் பெற்றோர் வருகிற ஏப்ரல், மே மாதத்தில் விழிப்பாக இருங்கள். டி.சி.யை நீங்களாகக் கேட்டது போல ஒரு கடிதம் எழுதி வாங்குவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

21 செப்டம்பர் 2025, மாலை

காலாண்டு வினாத்தாள் பொதுவாகத்தானே வருகிறது, அது போதாதா என்று உடனே ஒரு பதில். வருகிறது. முந்தின நாள் இரவே வாட்ஸ்அப்பிலும் வருகிறது. விடையோடு.

5 அக்டோபர் 2025

கரூர் சார் மட்டுமில்லை, இன்னும் சிலரும் கேட்டுவிட்டார்கள்: பள்ளி நடத்தாவிட்டால் வீட்டில் எதைப் பிடிக்க வேண்டும், எதை விடலாம் என்று. வேதியியலுக்கு மட்டும் சொல்கிறேன். அதில்தான் எனக்குச் சோறு.

பிளஸ் ஒன் வேதியியலில் 15 அலகுகள். எல்லாம் முக்கியம் என்று சொல்வது ஆசிரியர் தர்மம். ஆனால் நேரம் இல்லாத பிள்ளைக்கு அது உதவாது.

முதல் அலகு, மோல் கணக்கீடுகள். இது தெரியாமல் பிளஸ் டூவில் வேகவியலும் மின்வேதியியலும் மந்திரம் ஓதுவது போலத்தான். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை வரும், எதற்கு வந்தது என்று தெரியாது. எட்டாவது அலகு, வேதிச்சமநிலை. அதன் தொடர்ச்சிதான் பன்னிரண்டில் வரும் அயனிச் சமநிலை. முன்னதைப் படிக்காதவனிடம் தாங்கல் கரைசல் என்றால் எதைத் தாங்குகிறது என்பான். பத்தாவது, வேதிப்பிணைப்பு. இனக்கலப்பு அங்கேதான் இருக்கிறது, பன்னிரண்டில் அணைவுச் சேர்மங்களில் மறுபடி வந்து மிரட்டும்.

அடுத்து 11 முதல் 14 வரை, கரிம வேதியியல். இங்கேதான் பெரிய பள்ளம். நம் பாடத்திட்டத்தில் ஹைட்ரோகார்பன்களும் ஹாலோ ஆல்கேன்களும் பிளஸ் ஒன்னில் முடிந்துவிடுகின்றன. சி.பி.எஸ்.இ.யில் ஹாலோ ஆல்கேன் பன்னிரண்டாம் வகுப்பில்தான் வருகிறது. நம் பிளஸ் டூ புத்தகம் நேராக ஹைட்ராக்சி சேர்மங்கள், ஈதர்கள் என்று ஆரம்பிக்கும். பதினொன்றைத் தாண்டிய பிள்ளைக்குக் கருக்கவர் பொருள் என்றால் என்ன, எலக்ட்ரான் ஏன் இங்கிருந்து அங்கே போகிறது என்று எதுவும் தெரியாது. பினாலைப் பக்கம் பக்கமாக எழுதும். எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கும். நான் அந்த விடுதிப் பள்ளியில் அப்படி வாங்கவைத்தேன். சென்டம் வாங்கிய பையனிடம் பியூட்டேனின் மாற்றியங்களை எழுதச் சொன்னால், "சார், அது லெவன்த்" என்பான்.

ஹைட்ரஜன், காரமண் உலோகங்கள், சுற்றுச்சூழல் வேதியியல் இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீட் எழுதுகிறவர்கள் இந்த வரியைப் படிக்காதது போல இருந்துவிடுங்கள்.

கணிதத்துக்கு எங்கள் பள்ளி கணித ஆசிரியையிடம் கேட்டேன். கேள்வியை முடிப்பதற்குள், "வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும்" என்றார். இரண்டும் பதினொன்றின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பன்னிரண்டில் வருவது அவற்றின் பயன்பாடுகள். தாண்டும் பள்ளிகளில் ஒரு வாரம் சூத்திரப் பட்டியல் கொடுத்துவிட்டு நேரே பயன்பாட்டுக்குப் போய்விடுவார்களாம். எல்லை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது என்றார். கேட்டால் நமக்குத்தான் வருத்தம்.

23 அக்டோபர் 2025

தீபாவளிக்கு வந்த பழைய மாணவன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவன். மருத்துவத்துக்கு 2020இல் வந்த ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவன் வீட்டில் முதல் பட்டதாரி. முதல் செமஸ்டரில் "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்" அரியர், இன்னும் கிளியர் ஆகவில்லை. "சார், லெக்சரர் முதல் நாளே, இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க என்று ஆரம்பித்தார்" என்றான்.

அவன் எங்கள் பள்ளியில் படித்தவன். பிளஸ் ஒன்னில் கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த வருஷம் அது. ஜனவரியில்தான் தற்காலிக ஆசிரியர் வந்தார். ஆக தாண்டுவது தனியார் பள்ளி மட்டும் என்று நான் இங்கே வீரம் பேசிக்கொண்டிருப்பதும் சரிப்படாது. அவர்கள் திட்டம் போட்டுத் தாண்டுகிறார்கள், எங்களுக்கு ஆள் இல்லாமல் தாண்டிப்போகிறது. பையனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

9 நவம்பர் 2025

"குறை சொல்வது சுலபம், என்ன செய்யலாம் என்று சொல்லும்" என்று மதுரைக்காரர் அதட்டியிருக்கிறார். சரி.

கேரளத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் பொதுத்தேர்வு. இரண்டு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் 1200. முதல் வருஷம் குறைந்தால் இம்ப்ரூவ்மென்ட் எழுதிக்கொள்ளலாம். ஆந்திரம், தெலங்கானாவில் இன்டர்மீடியட் இரண்டு வருஷமும் சேர்ந்து 1000. அங்கெல்லாம் முதல் வருஷத்தைத் தாண்ட முடியாது. ஹைதராபாத், விஜயவாடா கோச்சிங் கொடுமைகள் தனிக்கதை, அதனால் ஆந்திரத்தைப் பார் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் யோசனை இதைவிடச் சின்னது. பிளஸ் ஒன்னுக்குத் தனிப் பொதுத்தேர்வு வேண்டாம். பிளஸ் டூ அறிவியல், கணிதத் தாள்களில் கால்வாசி மதிப்பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்பின் அடிப்படை அலகுகளிலிருந்து கேளுங்கள். எந்த அலகுகள் என்று ஜூனிலேயே அறிவித்துவிடுங்கள். வணிகவியலுக்கும் தொழிற்பிரிவுக்கும் இது வேண்டாம். கூடுதல் தேர்வும் இல்லை, பெயில் முத்திரையும் இல்லை. சென்டம் வேண்டும் என்ற பள்ளி பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

10 நவம்பர் 2025

எதிர்ப்பு வரும் என்று தெரியும், இவ்வளவு வேகமாக வரும் என்று தெரியாது.

"பிளஸ் டூ போர்ஷனே முடியவில்லை, இதில் கால்வாசி கூடுதலா?" நியாயம். 2018, 2019இல் வந்த புத்தகங்கள் நல்ல புத்தகங்கள், ஆனால் கனம் அதிகம். நீட்டுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியது. பன்னிரண்டில் சில அலகுகளைக் குறைத்தால்தான் என் யோசனை நடக்கும். குறைக்கலாம் என்றுதான் எந்தப் பாட ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார், அவர் பாடத்தில் மட்டும் கூடாது என்பார். நானும் அப்படித்தான்.

"மாணவர்களுக்குச் சுமை." பதினொன்றைப் படித்த பிள்ளைக்குப் பன்னிரண்டு இலகு. சுமை என்று கத்தப்போவது யார் என்று இரண்டு நிமிஷம் யோசியுங்கள்.

"பள்ளிக்கல்வித் துறைக்கு எழுதலாமே." எழுதியிருக்கிறேன். கொள்கைக் குழு கருத்துக் கேட்டபோதும் எங்கள் சங்கம் வழியாக ஒரு பக்கம் போனது. அது எந்தக் கட்டில் இருக்கிறதோ.

14 டிசம்பர் 2025

அரையாண்டு நெருங்குகிறது. கரூர் சார் எழுதியது: அவரும் பி செக்‌ஷன் பெற்றோர் சிலரும் சேர்ந்து தாளாளரைப் பார்த்தார்களாம். "நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று சொல்லி, கால அட்டவணையைக் காட்டி அனுப்பிவிட்டாராம்.

கால அட்டவணையில் எல்லாம் இருக்கும் சார். அதைப் பார்க்காதீர்கள். மகளின் நோட்டைத் தேதியோடு பாருங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடம் எந்தத் தேதியில் நின்றது, எப்போது மறுபடி தொடங்கியது என்று அதில் இருக்கும். அதை நகலெடுத்து, பெற்றோர் கையெழுத்தோடு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனுவாகக் கொடுங்கள். குழந்தையின் பெயரைப் போடாதீர்கள், செக்‌ஷன் போதும். ஒரே ஒரு பெற்றோர் போனால் பிள்ளையைப் பழிவாங்குவார்கள், அதனால் சேர்ந்து போங்கள்.

ஏ செக்‌ஷன் பெற்றோரையும் சேருங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். வர மாட்டார்கள். அவர்கள் காசு கட்டியிருக்கிறார்கள்.

15 டிசம்பர் 2025

கரூர் சாரின் மகளே கேட்டதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது: ஹாலோ ஆல்கேனில் எஸ்.என்.1, எஸ்.என்.2 வினைகளின் வித்தியாசம் புரியவில்லை, யூடியூபில் பார்த்தும் குழப்பம் என்று.

அம்மா, அதற்கு முன்னால் 12ஆவது அலகில் கார்பன் நேரயனியின் நிலைப்புத்தன்மை இருக்கிறது, அதைப் படித்தாயா? மூவிணைய நேரயனி ஏன் அதிக நிலைப்புடையது என்று உன் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதி அப்பாவிடம் கொடுத்து இங்கே போடச் சொல். கைடைப் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை மாலை திருத்தித் தருகிறேன், அப்புறம் எஸ்.என்.1க்குப் போகலாம்.